குமாஸ்தாவின் காதில் விழுந்த ஊர்

பெங்களூரு தும்கூர் சாலையில் இருக்கும் சர்வதேசக் கண்காட்சி மையத்தில் 2017 ஜனவரி 7 முதல் 9 வரை பிரவாசி பாரதிய திவஸ் நடந்தது. வெளிநாட்டு இந்தியர் மாநாடு என்றாலே கலிஃபோர்னியாவும் துபாயும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆண்டு முதன்மை விருந்தினர் கோவா வம்சாவளியினரான போர்ச்சுகல் பிரதமர் அன்டோனியோ கோஸ்டா. இளைஞர் அரங்குக்கு வந்தவர் சுரிநாமின் துணை அதிபர் மைக்கேல் அஷ்வின் ஆதின். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததியினருக்கு, முதலில் மொரீஷியஸில் உள்ளவர்களுக்கு, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை கிடைக்க வழி செய்யப்படும் என்று பிரதமர் மோதி அறிவித்ததும் அந்த மேடையில்தான். ஃபிஜி, ரீயூனியன், சுரிநாம், கயானா ஆகியவற்றின் பெயர்களும் அந்த உரையில் இருந்தன.

அட்டை வேண்டுமென்றால் அத்தாட்சி வேண்டும். ஐந்து, ஆறு தலைமுறைக்கு முன்பு ஒருவர் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறினார் என்பதற்கு என்ன அத்தாட்சி? குடும்பத்தில் புகைப்படம் இருக்காது, கடிதம் இருக்காது. அநேகமாக இருப்பது ஒன்றே ஒன்று. மொரீஷியஸின் மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட் காத்துவரும் குடியேற்றப் பதிவேடுகளில், அல்லது தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில், ஒரு வரி. அந்த வரியில் ஒரு எண், ஒரு பெயர், ஒரு வயது, ஒரு ஊர்.

அந்த வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் பதிவானவர் பேசியது தமிழோ தெலுங்கோ கன்னடமோ. இன்று அதைத் தேடி வரும் பேரப்பிள்ளை பேசுவது கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம். அடிமை வணிகத்துக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் உலகமெங்கும் அருங்காட்சியகங்கள் எழும்பிவிட்டன. வரும் சந்ததியினருக்குப் புரிய வேண்டும் என்று பலகைகளைப் பல மொழிகளில் எழுதி மாட்டுகிறார்கள், காதில் மாட்டிக் கேட்கும் கருவிகள் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பலகை கடைசியில் வருவது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பதிவேடே ஒரு மொழிபெயர்ப்பு. அதுவும் அவசரத்தில், அரைகுறைக் காதோடு, பெயரைச் சொன்னவர் யாரென்று அக்கறையே இல்லாத ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு. அதைத் திருப்பிப் படிக்கத் தெரியாமல் சுவரில் எத்தனை மொழிகளில் எழுதினாலும் வந்தவருக்குத் தன் ஊர் கிடைக்காது.

பெங்களூரையே எடுத்துக்கொள்ளலாம்.

1876இல் பருவமழை பொய்த்தது. தமிழ் நாட்டார் வழக்கில் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர் பெற்ற அந்தக் கொடுமை மைசூர்ச் சீமையை இன்னும் கடுமையாகத் தாக்கியது. ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் இருந்த சமஸ்தானத்தில் பத்து லட்சம் பேர் வரை மாண்டார்கள். கிராமங்கள் காலியாகி, மக்கள் பெங்களூரை நோக்கி நடந்தார்கள். பெங்களூரில் நிவாரணத்துக்காகக் கூடி நிற்கும் எலும்புக்கூட்டுக் கும்பலின் சித்திரத்தை ‘இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’ 1877 அக்டோபர் 20 இதழில் வெளியிட்டது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டவர் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள். சென்னையின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டும் ஆளுக்கு!

பஞ்சத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1864இல், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்துவிட்டது. தானியம் கொண்டுவந்த அதே தண்டவாளம் ஆட்களைச் சென்னைக்குக் கொண்டு போகவும் உதவியது. 1866இல் நின்றுபோயிருந்த, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனிக்கான ஆள்சேர்ப்பு 1874இல் மீண்டும் தொடங்கியிருந்தது. பெங்களூர்ப் பக்கத்தில் பட்டினி கிடந்த எல்லோரும் கப்பல் ஏறிவிடவில்லை. காப்பித் தோட்டம் போனவர்கள் உண்டு, பட்டணத்திலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ஆனால் நேட்டால் கப்பல் பட்டியல்களின் ஜில்லாப் பத்தியில் வட ஆற்காடு, தஞ்சாவூர், விசாகப்பட்டினம் ஆகியவற்றோடு மைசூர், பெங்களூர் என்ற பெயர்களும் எட்டிப் பார்க்கின்றன.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஒரு மனிதரைப் பற்றி அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்பியது அவ்வளவுதான். என்ன மொழி பேசுவார் என்பதற்குப் பத்தி இல்லை.

ஜில்லா, தாணா என்பவை வங்காளத்திலும் வடக்கிலும் புழங்கிய நிர்வாகச் சொற்கள். தெற்கத்தி ஆளிடம் “உன் தாணா எது?” என்று கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்? தாலுகாவின் பெயரைச் சொன்னவர் உண்டு, போலீஸ் ஸ்டேஷனின் பெயரைச் சொன்னவர் உண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னவரும் இருக்கலாம். ஊர்ப் பெயரில் இன்னொரு சிக்கல். தூரதேசத்தில் ஒருவர் ஊர் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய பெரிய ஊரைச் சொல்வது நம் ஆட்களின் வழக்கம். இன்றும் டெல்லியில் நிற்கும் ஓசூர்க்காரர் “பெங்களூர் பக்கம்” என்றுதான் சொல்வார். ஆக, பதிவேட்டில் பெங்களூர் என்று இருந்தால் அது பழைய பேட்டையாக இருக்கலாம், கண்டோன்மென்ட்டாக இருக்கலாம், நாலு நாள் நடைத் தூரத்தில் இருக்கும் குக்கிராமமாகவும் இருக்கலாம்.

கண்டோன்மென்ட் என்பதையும் கவனிக்க வேண்டும். 1809இல் பிரிட்டிஷ் படைமுகாம் அமைந்த பிறகு பட்டாளத்துக்குப் பின்னால் வந்து அல்சூரிலும் சுற்றுப்புறங்களிலும் குடியேறியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு தலைமுறை கண்டோன்மென்ட்டில் இருந்து, பஞ்சத்தில் கப்பல் ஏறிய குடும்பத்துக்கு ‘பெங்களூர்’ என்று ஊர் பதிவானால் அதன் இன்றைய வாரிசு தன் மூதாதை கன்னடம் பேசினார் என்று நினைத்துக்கொண்டு வருவார். கன்னட கிராமங்களில் தேடுவார். கிடைக்காது.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘மலபார்’. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் தமிழையே மலபார் மொழி என்று எழுதினார்கள். தெலுங்கருக்கு ‘ஜென்டூ’ என்று பெயர் வைத்தார்கள். ரீயூனியனில் இன்றும் தமிழ் வம்சாவளியினர் ‘மல்பார்’கள்தான். மொரீஷியஸின் போர்ட் லூயியில் தமிழர் குடியிருப்பு ‘மலபார் முகாம்’ என்று வழங்கியது. ஆனால் டச்சுக்காரர்களின் பதிவில் ஓர் அடிமையின் பெயருக்குப் பின்னால் மலபார் என்று இருந்தால் அது பெரும்பாலும் கொச்சிக் கரை. சோழமண்டலத்திலிருந்து போனவருக்குக் ‘கரை’ என்று மட்டும் எழுதுவார்கள். ஒரே பெயர் ஓரிடத்தில் காரைக்காலையும் இன்னோரிடத்தில் கொச்சியையும் குறிக்கிறது என்பதை யாராவது சொல்லித் தராவிட்டால் ரீயூனியன்காரர் கேரளத்துக்கு விமானம் ஏறிவிடுவார்.

ஆட்களின் பெயர்களும் இப்படித்தான் உருமாறின. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். மொரீஷியஸில் சின்னத்தம்பி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சினத்தம்பூ ஆகிக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டார். ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகள் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவாகி இரண்டு வம்சங்களாகப் பிரிந்துபோகவும் இது போதும்.

அப்படியானால் மொழிபெயர்ப்பாளர்களே இல்லையா? இருந்தார்கள். சட்டப்படி இருந்தே தீர வேண்டும். கப்பல் ஏறும் முன் அதிகாரி முன்னிலையில் நிபந்தனைகளைக் கூலிக்கு விளக்க வேண்டும், புரிந்ததா என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் கைநாட்டு. ஃபிஜிக்கு 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து ஆள் எடுத்தபோது நிபந்தனைப் படிவம் இந்திய மொழிகளிலும் அச்சடிக்கப்பட்டது. ஐந்து வருஷ வேலை. வார நாளில் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். எல்லாம் தெளிவாகவே இருந்தது. வேலைக்கு வராவிட்டாலோ குறித்த வேலையை முடிக்காவிட்டாலோ நீதிமன்றத்துக்கு இழுத்துச் சிறையில் போடலாம் என்பது மட்டும் படிவத்தில் இல்லை. சி.எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும் ஃபிஜிக்குப் போய் விசாரித்து 1916இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. மூலத்திலேயே முக்கியமான பகுதியை விட்டுவிட்டால் எந்தத் துபாஷி என்ன செய்வார்? இன்று அந்தப் படிவத்தை ஒரு காட்சிக்கூடத்தில் தமிழில் பெயர்த்து வைப்பதாக இருந்தால், அதில் இல்லாத அந்தத் தண்டனைப் பகுதியையும் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் பார்ப்பவருக்கு விஷயம் புரியும்.

மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1894இல் டர்பனில் புதிதாக வக்கீல் தொழில் நடத்திக்கொண்டிருந்த காந்தியிடம், முன்பற்கள் உடைந்து ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்க் கூலி வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். முதலாளி அடித்திருந்தார். நடந்ததைக் காந்திக்குச் சொன்னது அவருடைய தமிழ்க் குமாஸ்தா. டாக்டர் சான்றிதழும் நீதிமன்ற வழக்குமாக விஷயம் வளர்ந்து, பாலசுந்தரம் வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டார். அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. பிறகு காந்தி தமிழ் படிக்க முயன்றதும், 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்ததும் இந்தத் தேவையிலிருந்துதான். மொரீஷியஸில் இதற்கு முன்னோடி உண்டு. 1871இல் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் பழைய கூலிகளின் சார்பில் 9,401 பேரின் ஒப்பத்தோடு ஆளுநருக்கு மனுக் கொடுத்தார். அவருக்குத் துணை நின்றவர் ராஜரத்தினம் முதலியார் என்ற தமிழர். அந்த மனுவின் பலனாக லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷனே வந்தது.

அந்த மனுவின் காரணங்களில் ஒன்று ஒரு காகிதம். 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்த பழைய கூலியும் தன் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. சீட்டு இல்லாமல் சாலையில் அகப்பட்டால் நாடோடி என்று பிடித்துப் போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆட்களை அடக்கிவைக்க எடுத்த அந்தப் படங்கள்தான் இன்று பேரப்பிள்ளைகள் தேடி வரும் பொக்கிஷம். தன் மூக்கையும் நெற்றியையும் ஒரு நூற்றைம்பது வருஷத்துப் படத்தில் பார்த்துவிட்டால் அவருக்கு அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அடுத்த வரிக்குத் தேவை.

போர்ட் லூயியில் கடலோரமாக 1849இல் கட்டிய குடியேற்ற டிப்போவின் மிச்சம் இன்று ‘ஆப்ரவாசி காட்’. 1834 முதல் 1920 வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். கற்படிகள் கொண்ட அந்தப் படித்துறை 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2014இல் விளக்க மையம் திறக்கப்பட்டது. முன்பு அதைக் ‘கூலி காட்’ என்றார்கள். கூலி என்ற சொல் உறுத்தியதால் வடமொழிப் பெயர் சூட்டினார்கள். பெயர் மரியாதையானதுதான். ஆனால் சென்னையிலிருந்தும் பெருந்தொகையானோர் இறங்கிய துறை என்பதை அது காட்டிக்கொடுப்பதில்லை.

மொழி வரிசை அந்தத் தீவில் சின்ன விஷயம் இல்லை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்களும் உண்டு. தமிழ்நாட்டிலேயே புழக்கத்தில் இல்லாத எண்கள். 1998 நவம்பரில் வந்த புதிய நோட்டுகளில் வழக்கமான வரிசையை மாற்றித் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்துவிட்டார்கள். தமிழ் வம்சாவளியினர் தெருவுக்கு வந்தார்கள். 1730களில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாகவும் அடிமைகளாகவும் வந்தவர்கள் நாங்கள், முதலில் வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வாதம். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இத்தனைக்கும் அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். படிக்கத் தெரியாத எழுத்துக்காக ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்பவர்கள், அருங்காட்சியகப் பலகையில் தமிழ் எதற்கு என்றும் கேட்பார்கள். தகவலுக்காக மட்டும் மொழிபெயர்ப்பு என்றால் ஆங்கிலமும் பிரெஞ்சும் போதும். வந்தவர்கள் யார் என்று சொல்லவும் ஒரு எழுத்து வேண்டியிருக்கிறது.

அந்தப் படித்துறைக்குப் பக்கத்திலேயே, பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்துப் பழைய ராணுவ மருத்துவமனையில், கண்டங்களுக்கிடையேயான அடிமைமுறை அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டது. அடிமைகளுக்கு ஒரு கூடம், கூலிகளுக்கு ஒரு கூடம். பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள். நவம்பர் 2 கூலிகள் வந்த நாள். அடிமைமுறை 1835இல் ஒழிந்தது, அதன் இடத்தை நிரப்பத்தான் கூலி வந்தது. ஹியூ டிங்கர் 1974இல் எழுதிய நூலுக்குப் ‘புதியதோர் அடிமைமுறை’ என்று பொருள்படும் தலைப்பே வைத்தார். அது மிகை, கூலிக்கு ஒப்பந்தம் முடியும் தேதி இருந்தது, பிள்ளைகள் சொத்தாகவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழர்கள் இரண்டு கூடத்துக்கும் சொந்தக்காரர்கள் என்பதை நாம் மறந்தே போனோம். கூலிக் கதைக்குச் சினிமாவும் நாவலும் உண்டு. அடிமைக் கதை நம் நினைவில் இல்லவே இல்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணிக்காக வந்தவர்கள், பஞ்சம் வந்தபோதெல்லாம் ஆட்களையும் வாங்கினார்கள். பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடிய 1659–61இல் மட்டும் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் கணக்கிடுகிறார். பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். தமிழில் கொம்பனித்தெரு என்று வழங்கும் கொழும்புப் பகுதிக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்றே பெயர் இருந்தது. ஆங்கிலேயர்களும் சளைத்தவர்கள் அல்லர். 1680களில் சென்னைக் கோட்டையிலிருந்து ஏற்றுமதியாகும் அடிமைக்கு வரி விதித்து வசூலித்தார்கள்.

பழவேற்காட்டுப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை மட்டும் கேப் டவுன் ஆவணங்களில் தப்பிப் பிழைத்திருக்கிறது. கத்ரெய்ன் என்று டச்சுக்காரர்கள் எழுதினார்கள்; தாய்தகப்பன் வைத்த பெயர் தெரியாது. படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அடிமையாக இருந்தபோது, 1656இல், தன்னை அடித்துத் துன்புறுத்திய ஓர் அடிமையைக் கல்லெறிந்து கொன்றாள். இறந்தவன் பெயர் ‘மலபார் கிளாஸ்’. மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்து 1657இல் கேப் வந்தாள். அங்கே தளபதி வான் ரீபெக்கின் வீட்டுக்குத் துணி வெளுத்தாள். அவள் மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் ஒரு பிரெஞ்சு ஹியூகனோ குடும்பத்துப் பெண்ணை மணந்தான். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற பெயரோடு திரியும் வெள்ளைக்கார ஆஃப்ரிகானர்கள் பலருக்குப் பழவேற்காட்டுப் பாட்டி. இவர்கள் வந்தால் எந்த மொழியில் வரவேற்பது?

கேப்புக்கு 1652 முதல் 1808 வரை கொண்டுவரப்பட்ட சுமார் 63,000 அடிமைகளில் நாலில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்தினர் என்பது ராபர்ட் ஷெல்லின் ஆய்வு. டச்சுக் கம்பெனி 1679இல் கட்டிய அடிமை விடுதி 1998 முதல் அதே பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே ஒளிரும் தூண் ஒன்றில் அடிமைகளின் பெயர்கள். அவற்றில் வங்காளம், மலபார், கரை என்ற பின்னொட்டுகள்.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வணிகத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். டச்சு மொழியோடு நிறுத்தாமல் ஆங்கிலம், பாப்பியமெந்து, ஸ்ரனன் டோங்கோ ஆகிய மொழிகளிலும் அந்தச் சொற்களைச் சொன்னார். கரீபியனிலும் சுரிநாமிலும் அமைச்சர்கள் நேரில் போய் நின்றார்கள். கேட்கும் ஆளின் மொழியில் மன்னிப்புக் கேட்பதே முறை. சோழமண்டலக் கரையின் மொழி அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டு வாங்க நம் பக்கத்தில் யாரும் நிற்கவும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் 2021இல் நடத்திய அடிமைமுறைக் கண்காட்சி பத்துப் பேரின் வாழ்க்கையைச் சொன்னது. அதில் ஒருவர் வங்காளத்திலிருந்து போனவர் என்பது ஓர் ஆறுதல்.

கர்நாடகத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் மறுபக்கமும் உண்டு. கோவாவின் போர்ச்சுகீசியரிடமிருந்து தப்பியும் விடுபட்டும் வந்த ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த சித்திகள் வடகன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள் காடுகளை ஒட்டி வாழ்கிறார்கள். கொங்கணியும் மராத்தியும் கன்னடமும் கலந்த பேச்சு. 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பெங்களூருக்குப் படிக்க வரும் சித்திப் பிள்ளையை எந்த நாட்டுக்காரர் என்று கேட்கும் பட்டணம், மொரீஷியஸ் தமிழரைப் பார்த்து இந்தியில் பேசும் பட்டணமும்கூட. கப்பல் பட்டியலே இல்லாத சித்திகளுக்கு மூதாதையின் ஊர் ஒரு வரியாகக்கூட எஞ்சவில்லை.

இயந்திரம் இந்த வேலையில் எவ்வளவு தூரம் வரும்? கொஞ்ச தூரம் நன்றாகவே வருகிறது. நெதர்லாந்தின் ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனம் ‘குளோபலைஸ்’ என்ற திட்டத்தில், ஆசியாவிலிருந்து டச்சுக் கம்பெனிக்குப் போன கடிதங்களின் சுமார் ஐம்பது லட்சம் பக்கங்களைக் கையெழுத்து வாசிக்கும் மென்பொருளால் படித்துத் தேடக்கூடியதாக்கி வருகிறது. பழவேற்காடு என்பதைப் பாலியாகட்டா, பல்லியாகட்டே என்று எத்தனை விதமாகக் கூட்டியிருந்தாலும் ஒரு தேடலில் அகப்படும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் ‘வாணி’ திட்டத்தின் கீழ் மாவட்டம் மாவட்டமாகப் பேச்சு வழக்குகளைப் பதிந்து சேர்க்கிறது. சுவர்ப் பலகையைக் கிரியோலிலிருந்து தமிழாக்குவது கைபேசியிலேயே முடிகிற காரியமாகிவிடும். ஆனால் 1877இல் சென்னை டிப்போவில் ஒரு குமாஸ்தா காதில் என்ன விழுந்தது, அதை எழுதும்போது என்ன ஆனது என்பதை ஊகிக்க, அந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்கள் வாயில் புரண்ட ஆள் வேண்டும்.

தமிழ்நாடு அரசு சில ஆண்டுகளாக ‘வேர்களைத் தேடி’ என்ற பெயரில் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து ஊர் காட்டுகிறது. மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் பார்த்து மகிழ்ந்து போகிறார்கள். சொந்த ஊர் வேறு கதை. 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு மொரீஷியஸ் போனபோது, ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்ற சலுகை அறிவிக்கப்பட்டது. ஏழாம் தலைமுறை என்றால் வீட்டில் சொல்லக் கேட்ட ஞாபகமும் இருக்காது. பதிவேட்டு வரி ஒன்றுதான் வழி.

அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு சாதாரண ஊர்ப் பட்டியல். பதிவேட்டில் ‘வட ஆற்காடு’ என்று இருந்தால் அது இன்று வேலூரா, திருவண்ணாமலையா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா, அல்லது 1911இல் பிரிந்துபோய் இப்போது ஆந்திரத்தில் இருக்கும் சித்தூர்ப் பக்கமா? ‘பெங்களூர்’ என்று இருந்தால் 1986இல் நகர்ப்புறம், ஊரகம் என்று பிரிந்ததில் எது? 2007இல் ராமநகரமாகி 2025இல் பெங்களூரு தெற்கு என்று பெயர் மாறியதா? 1881இல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பிய பிறகும் ஆங்கிலேயரிடமே இருந்த கண்டோன்மென்ட்டா? இதைத் தாலுகா வாரியாக, பழைய எழுத்துக்கூட்டலோடும் இன்றைய பெயரோடும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தொகுத்து மோக்காவுக்கும் டர்பனுக்கும் அனுப்பலாம். செய்ய, தமிழும் தெலுங்கும் கன்னடமும் தெரிந்து, நிலப் பதிவேட்டைப் புரட்டப் பழகிய நாலு பேர் போதும். சிவாஜிநகரிலோ அல்சூரிலோ ஒரு தெருவுக்குள்ளேயே அவர்கள் கிடைப்பார்கள். ஊரகத் தாலுகா அலுவலகங்களில் ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்.